புதன்கிழமைக்கு என்ன குழம்பு

திங்கள் எளிது. ஞாயிற்றுக்கிழமை பாதி வீடுகளில் கறியும் மீனுமாக வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பார்கள். மறுநாள் மதியம் அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு மிளகு ரசம், ஒரு பருப்புத் துவையல், கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல். எழுதியாயிற்று. செவ்வாய்க்கு மோர்க்குழம்பு, தடியங்காய் போட்டு. தொட்டுக்கொள்ளச் சிறுகிழங்கு. தை முடிவதற்குள் இன்னும் ஒரு தரமாவது சிறுகிழங்கு போட்டுவிட வேண்டும், அப்புறம் நல்ல கிழங்கு கிடைக்காது. எழுதியாயிற்று. புதன். புதன் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் பேனாவை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். மை அந்த இடத்தில் கடுகளவு ஊறிவிட்டது. சரி, புதன் கிடக்கட்டும், வியாழனைப் பார்ப்போம். மோர்க்குழம்புக்குத் தேங்காய் அரைப்பதால் மறுநாள் தேங்காய் அரைத்த குழம்பு கூடாது. புதன் புளி என்றால் வியாழன் புளி கூடாது. ஆக, புதன் தெரியாமல் வியாழனை எழுத முடியாது. ஒரு கிழமையை விட்டுவிட்டு அடுத்த கிழமைக்குப் போக இந்த நோட்டில் வழி கிடையாது. மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்கு வாரப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் போய்விட வேண்டும், ஏழு வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறியதில்லை. நாற்பத்தொரு பேர் பார்ப்பார்கள். நாற்பது பேர். அதற்கு முன்னால், நாலரை மணிக்கு, ஆவுடையப்பன் சாருடைய மகன் கூப்பிடுவார். அவருக்கு நான் ஒரு கிழமையின் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு கிழமையின் பெயர்.

காலையில் பதினோரு மணிக்குப் போன் அடித்தபோது திரையில் ‘ஆவுடையப்பன் சார்’ என்றுதான் வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்று இருந்தது. நாளைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லக் கூப்பிடுகிறார் என்று மனசு நினைத்துவிட்டது. நேற்று மதியம் அவரைத் தூக்கிக்கொண்டு போனது தெரிந்த பிறகும் நினைத்துவிட்டது. காதில் வைத்தால் வேறு குரல். “மேடம், நான் தாணு. ஆவுடையப்பன் மகன். புனேயிலிருந்து வந்திருக்கேன்.” அப்பாவின் போனிலிருந்து பேசுகிறார், என் நம்பர் அதில்தானே இருக்கும். எரித்துவிட்டு வந்து இப்போதுதான் குளித்ததாகச் சொன்னார். தலை துவட்டாத ஆள் பேசுவதுபோல மூக்கடைத்த குரல். “ஒரே ஒரு விஷயம் மேடம். அப்பா கடைசியா எந்தக் கிழமை உங்க சாப்பாட்டை எடுத்தாங்க? டாக்டர் மூணு நாள் இருக்கலாம், நாலு நாள் இருக்கலாம்ங்கிறார். பதினாறு எண்ணணும், திதி குறிக்கணும். இந்தத் தெருவுல யாருக்குமே தெரியல. நீங்க நோட்டு போட்டு எழுதி வைப்பீங்கன்னு அப்பா சொல்லியிருக்காங்க.” நான் “பார்த்துச் சொல்லுதேன்” என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? அப்போதே தெரியும். வியாழக்கிழமையே தெரியும். “நாலரைக்குக் கூப்பிடவா?” என்றார். “கூப்பிடுங்க” என்றேன். வைத்துவிட்டு, கையில் பூண்டு வாசனை அடிக்கிறது என்று போய்க் கை கழுவினேன். அதற்கு முன்பே ஒரு தரம் கழுவியிருந்தேன்.

நோட்டைப் பற்றி அவர் மகனிடம் சொல்லியிருக்கிறார். என்ன சொல்லியிருப்பார்? பாளையங்கோட்டையில் ஒரு பொம்பளை, நாற்பத்தொரு வீட்டுக்குச் சோறு அனுப்புகிறவள், யார் எதை மிச்சம் வைத்தார்கள் என்று எழுதி வைக்கிறாள், என்றா? அப்படித்தான் செய்கிறேன். இடது பக்கத்தில் அன்றைக்குச் சமைத்தது. வலது பக்கத்தில் அன்றைக்குத் திரும்பி வந்த கேரியர்களில் முந்தின நாள் சோறு எவ்வளவு மிச்சம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கேரியர், இரண்டிலும் ஒரே எண் வெட்டியிருக்கும், ஒன்றில் மட்டும் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி. இன்றைக்குப் புள்ளி வைத்தது போனால் நேற்றுப் போன புள்ளி வைக்காதது திரும்பி வரும். தேவசகாயம் அண்ணாச்சி மொபெட்டில் போய் இதை மாட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டு வருவார். வந்ததும் மைனியும் நானும் ஒவ்வொன்றாகத் திறப்போம். மைனி, என் அண்ணன் பெண்டாட்டி, திறந்து சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒன்பது, பொரியல் பாதி. இருபத்திரண்டு, ரசம் தொடலை. முப்பது, காலி. நாலு பேர் கத்தரிக்காயை ஒதுக்கினால் அடுத்த வாரம் கத்தரிக்காய் வேறு உருவத்தில் வரும். ரசம் மிஞ்சினால் ரசத்தில் புளி குறையும். வாயால் கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள். திரும்பி வருகிற கேரியர் பொய் சொல்லாது என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பதினேழாம் எண் ஆவுடையப்பன் சார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போய் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமாக என் சாப்பாடு. அவருடைய கேரியர் மட்டும் கழுவித் துடைத்து வரும். மேல் அடுக்கில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருக்கும், அவர் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரத்தில் பறித்தது. சாமான் வாங்கின வீட்டுக்கு வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருடைய மனைவி சொல்வாராம். ஒரு தரம் போனில் சொன்னார். “நான் சீனி போட்டுக் குடுத்தா எறும்பு வந்துரும்லா, அதான் இலை.” சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். ஆளை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். கறிவேப்பிலையைத்தான் தினமும் பார்த்தேன்.

புதன். எள்ளுக்குழம்பு போடலாமா? எள் வேண்டாம். எள்ளை இந்த வாரம் யார் கண்ணிலும் காட்ட வேண்டாம். தீயல் போடலாம், சின்ன உள்ளி போட்டு. ஆனால் தீயலுக்குத் தேங்காயை வறுத்து அரைக்க வேண்டும், செவ்வாய்க்குப் பிறகு அது கூடாது. பருப்பு உருண்டைக் குழம்பு? வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, மூன்று வாரத்துக்குள் ஒரே குழம்பு திரும்பி வரக் கூடாது என்பது என் சட்டம். நானே போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் போட்டிருந்தேன். பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் நாற்பத்தொரு வீடு, எங்கேயும் நின்று பேசக் கூடாது, பெல் அடிக்கக் கூடாது, கேட்டில் மாட்டிவிட்டு வந்துகொண்டே இருக்க வேண்டும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சோறு ஆறிப்போகும். நின்றால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நிமிடம், நாற்பத்தொரு வீட்டில் எண்பத்திரண்டு நிமிடம். இதைச் சொல்லிச் சொல்லித்தான் அண்ணாச்சியைப் பழக்கினேன், அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், நாலு வார்த்தை பேசாமல் யாரையும் விடமாட்டார். ஆவுடையப்பன் சாரே சொல்லியிருக்கிறார், மதியம் கண் அசந்திருப்பேன், பெல் வேண்டாம் என்று. அவரே சொன்னதுதான். இதைச் சொல்லலாம். மகனிடம் இதை முதலில் சொல்ல வேண்டும். இல்லை, இதைச் சொல்லக் கூடாது. நான் ஏன் இதை முதலில் சொல்ல நினைக்கிறேன்?

போன புதன்கிழமை பாகற்காய்ப் புளிக்குழம்பு. பாகற்காய் மிச்சம் வரும் என்று தெரிந்துதான் போட்டேன், வாரத்தில் ஒரு நாள் கசப்பு வேண்டும். வியாழக்கிழமை கேரியர்கள் திரும்பி வந்தபோது ஆறு வீட்டில் குழம்பு மிச்சம். ஏழாவது பதினேழு. மைனி மூடியைத் திறந்துவிட்டு என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். சோறு நான் வைத்த குவியல் கலையாமல் இருந்தது. அப்பளம் நமுத்து மடிந்து கிடந்தது. “பாவக்கா இறங்கலை போல சாருக்கு” என்றாள். நான் எழுதினேன். பதினேழு, முழுசு, பாகற்காய், ஒரு கேள்விக்குறி. கறிவேப்பிலை இல்லை என்று பார்த்தேன். பார்த்தேன், அதையும் கோபத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். தேவசகாயம் அண்ணாச்சி தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றவர், “தங்கச்சி, அந்த மனுசன் எதையும் மிச்சம் வைக்கிற ஆளு கிடையாதே. நாளைக்கு ஒரு சத்தம் குடுத்துப் பாக்கவா?” என்றார். அவர் கேட்டார். வியாழக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்குக் கேட்டார். குவளையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டார். நான், “வேண்டாம் அண்ணாச்சி. பிடிக்கலைன்னா அவரே சொல்லட்டும். நீங்க மாட்டிட்டு வாங்க” என்றேன். மைனி உள்ளிருந்து, “அண்ணாச்சிக்கு ஊர் வம்பு பேசாட்டா சோறு செமிக்காது” என்றாள். அவர், “உங்க மைனி சமையலைத் தின்னா வம்பு பேசித்தாம்மா செமிக்க வைக்கணும்” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அப்போது, நாங்கள் சிரித்த அந்த நேரத்தில். டாக்டர் சொன்னாராம், கொல்லைப்புறப் படியில் விழுந்திருக்கிறார், விழுந்ததுமே போயிருக்கலாம், ஒரு நாள் கிடந்தும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு நாள் கிடந்தும் இருக்கலாம். புதன் மதியத்திலிருந்து ஒரு நாள் என்றால் வியாழன் மதியம். வியாழன் மதியம் ஒன்றே முக்கால்.

வேண்டாம். பட்டியலுக்கு வா. வியாழன், கூட்டாஞ்சோறு. முருங்கைக்கீரை நன்றாக வந்துகொண்டிருக்கிறது, கூட்டாஞ்சோறு என்றால் குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், வடகம் பொரித்தால் போதும், புதனில் புளியே வந்தாலும் வியாழனில் உறுத்தாது. பாரேன், புதன் தெரியாமலேயே வியாழனை எழுத ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. எழுதியாயிற்று. வெள்ளி, இடிசாம்பார், வாழைக்காய் வறுவல். சனி, கைவசம் இருக்கிற காய் எல்லாம் போட்டு அவியல். ஆறில் ஐந்து ஆயிற்று. மொட்டை மாடியில் கேரியர் அடுக்குகளைக் கவிழ்த்துக் காயவைத்திருக்கிறது, காற்றடித்தால் ஒன்றோடொன்று இடித்துக் கணகணவென்று கேட்கிறது. மைனி நேற்று எல்லாவற்றையும் கழுவிவிட்டாள். பதினேழையும் கழுவினாள். வெள்ளிக்கிழமை போன பதினேழு, புள்ளி வைக்காதது. அதில் கூடுதலாக ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதை அவள் கழுவவில்லை, நான்தான் கழுவினேன்.

கிண்ணம் எப்படி வந்தது என்றால், போன வியாழக்கிழமைச் சமையல் உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். பட்டியல் போட்ட ஞாயிற்றுக்கிழமையே அவரை நினைத்துத்தான் போட்டேன், அவர் மனைவி வைப்பதுபோல இருந்தது என்று ஒரு தரம் குழுவில் எழுதியிருந்தார். அவர் அதிகம் எழுதமாட்டார். ஞாயிறு ஐந்து மணிக்கு நான் பட்டியல் போட்டால் இரண்டு நிமிடத்தில் முதல் ஆளாக ‘சரி. நன்றி’ வரும், அவ்வளவுதான். அந்த உளுந்தம்பருப்புச் சோறும் வெள்ளிக்கிழமை அப்படியே திரும்பி வந்தது. துவையல் உருண்டை காய்ந்து வெடித்திருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆமாம், வந்தது, அவருக்காக இல்லை. மைனி சொன்னாள், “ஏ பிரமு, சமாதானபுரத்துப் பக்கம் புதுசா ஒரு மெஸ் வந்திருக்குல்லா, அங்க மாறிருப்பாரு. சொல்ல முகமில்லாம நம்ம கேரியரைத் தொடாம வச்சிருக்காரு.” எனக்கு அது சரியென்று பட்டது. பட்டதுமட்டும் இல்லை, பிடித்துக்கொண்டது. பதினேழு, முழுசு என்று எழுதி இரண்டு கோடு அடித்தேன், பேனா தாளைக் கிழித்தது, இதோ கிழிசல் இருக்கிறது, விரலை வைத்தால் தட்டுப்படுகிறது. அன்றைக்கு அண்ணாச்சி ஏற்கெனவே சுற்றுக்குப் போய்த் திரும்பி வந்தாயிற்று, வெள்ளிக்கிழமைக் கேரியரும் பதினேழாம் வீட்டுக் கேட்டில் மாட்டியாயிற்று. அதை மாட்டும் முன்பே, வியாழக்கிழமை முழுசாக வந்ததற்கு ஈடாக, நான் அவருக்கு மட்டும் ஒரு கிண்ணம் சிறுபருப்புப் பாயசம் வைத்து அனுப்பியிருந்தேன். தனியாக. வேறு யாருக்கும் இல்லாதது. கோபத்துக்குப் பாயசம் வைக்கிற ஆள் நான். ஒரு போன் செய்திருக்கலாம். போன் என் இடுப்பில்தான் இருந்தது. பாயசத்துக்கு வெல்லம் தட்ட இருபது நிமிடம் ஆயிற்று, வெல்லத்தைத் தட்டிக்கொண்டு இருந்த நேரமெல்லாம் போன் என் இடுப்பில் இருந்தது. சனிக்கிழமை மதியம் அண்ணாச்சி நான் போட்ட சட்டத்தை மீறிவிட்டார். கேட்டில் பாயசத்தோடு தொங்கிக்கொண்டிருந்த கேரியரைப் பார்த்ததும் பெல் அடித்திருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார், சுவரோரமாகக் கொல்லைப்பக்கம் சுற்றிப் போயிருக்கிறார். அதன் பிறகு முப்பது வீட்டுக்குச் சாப்பாடு போகவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லாருக்கும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கேரியரை என்னிடம் கொடுக்கும்போது அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. “நாளான்னைலேர்ந்து நான் ஒவ்வொரு வீட்லயும் பெல் அடிப்பேன் தங்கச்சி. வேண்டாம்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க” என்றார்.

பாகற்காய். சரி, பாகற்காய் என்று நான் நினைத்தது இயற்கைதானே, ஆறு பேர் மிச்சம் வைத்த குழம்பை ஏழாவது ஆளும் வைத்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மகன் கேட்டால் இதைச் சொல்லலாம். நோட்டையே காட்டலாம், இதோ பாருங்கள், ஆறு வீடு. மற்ற மாதங்களிலும் பாகற்காய் அப்படித்தான் வந்திருக்கும், காட்டலாம். புரட்டுகிறேன். மார்கழி, பாகற்காய் வறுவல், மறுநாள் வலது பக்கம்: நாலு, ஒன்பது, பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்தாறு. பதினேழு இல்லை. பதினேழு காலி. கார்த்திகை, பாகற்காய்ப் பிட்லை, எட்டு வீட்டில் மிச்சம், பதினேழு காலி, பக்கத்தில் என் கையெழுத்திலேயே ‘கறிவேப்பிலை’. ஐப்பசி, பாகற்காய்ப் புளிக்குழம்பு. இதே குழம்பு. பதினேழு காலி. நோட்டைக் கீழே வைத்துவிட்டேன். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் கடக் என்கிறது, இந்தச் சத்தம் எப்போதிலிருந்து வருகிறது? மூன்று தரம் பாகற்காய் தின்றிருக்கிறார். ஒரு துண்டு மிச்சம் இல்லை. அவருக்குப் பிடித்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. ஐந்து மாதத்தில் எல்லாக் கிழமையிலும் காலி, எதையுமே ஒதுக்காதவருக்கு எது பிடிக்கும் என்று நோட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எது நடக்காது என்று கண்டுபிடிக்கலாம். நூறு நாளைக்கு மேல் காலியாக வந்த கேரியர் ஒரு நாள் முழுசாக வந்தால், அது குழம்பைப் பற்றி இல்லை. இதைத் தெரிந்துகொள்ள நாலு தாள் புரட்டினால் போதும். நான் புரட்டவில்லை. இருபத்திரண்டாம் நம்பர் ரசத்தைக் குறைக்கச் சொல்கிறாரா, கூட்டச் சொல்கிறாரா என்று பார்க்க எத்தனை தரம் புரட்டியிருக்கிறேன்.

மைனி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்முன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். “வியாழக்கிழமை வரைக்கும் சாப்பிட்டாருன்னு சொல்லிரு. வெள்ளிக்கிழமை ஏகாதசி. அப்பா ஏகாதசியில போனாருன்னா அந்தப் பிள்ளைக்கும் ஒரு ஆறுதல். புதன்னா நவமி, அது எதுக்கு? வெள்ளிக்கிழமைக் கேரியர் ஒண்ணுதான் நிறைஞ்சு வந்துச்சு, அன்னைக்கே பாத்துட்டோம், அவ்வளவுதான். நமக்கும் ஒரு பேச்சு வராது.” நான், “அண்ணாச்சி?” என்றேன். “அவருகிட்ட நான் பேசுதேன். நோட்டுதான் ஒண்ணு கிடக்கு. ரெண்டு தாள்.” செருப்பு கிடைத்துவிட்டது, போய்விட்டாள். அவள் கெட்டவள் இல்லை. பதினெட்டு வருடமாக என் கூடவே நின்று வேகிறவள். அவள் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது, அதுதான் பயமாக இருக்கிறது, சரியாக எழுதின பட்டியல்போல ஒரு கிழமை இன்னொரு கிழமையோடு இடிக்காமல் உட்காருகிறது. மகனுக்கு ஆறுதல், எனக்கு நிம்மதி, வாடிக்கைக்காரர் ஒருவரும் போகமாட்டார்கள். இரண்டு தாளை மட்டும் எடுக்க வேண்டும். ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. ஒருவருக்குமா? அந்த மகன் அடுத்த தை மாதம் ஏகாதசியன்று எள்ளும் தண்ணீரும் இறைப்பார். அதற்கடுத்த தையிலும். அவருக்கும் வயதாகும், முட்டி வலியோடு குனிந்து உட்கார்ந்து, என் வாயிலிருந்து வந்த நாளில், ஆவுடையப்பன் சார் இறந்து இரண்டு நாள் ஆன பிறகு வருகிற ஒரு நாளில், அப்பா வாங்கிக்கொள் என்று சொல்வார். கேட்டில் மாட்டிவிட்டு வருவதுபோல. உள்ளே எடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல். வருடா வருடம்.

உலகத்திலேயே அந்தக் கிழமை எனக்குத்தான் தெரியும். புதன்கிழமை மதியம் வந்த செவ்வாய்க்கிழமைக் கேரியரில் கறிவேப்பிலை இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பறித்து மூடி வைத்த இலை வியர்த்துப் போயிருக்கும், தொட்டால் காம்பிலிருந்து உதிரும். அன்றைக்கு வந்தது உலர்ந்து விறைப்பாக இருந்தது, மூடியைத் திறந்ததும் வாசனை அடித்தது. காலையில் பறித்த இலை. ஆக புதன்கிழமை காலையில் அவர் எழுந்திருக்கிறார், படி இறங்கியிருக்கிறார், மரத்தடிக்குப் போய்க் கொத்தை ஒடித்திருக்கிறார், கேட் வரை வந்து மாட்டியிருக்கிறார். பன்னிரண்டே காலுக்கு அண்ணாச்சி மாட்டினதை எடுக்க வரவில்லை. சர்வேயர்கள் சங்கிலி பிடித்து அளப்பதுபோல இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை. அதற்குள்தான் விழுந்திருக்கிறார். டாக்டரால் முடியாததை நான் ஒரு கொத்து இலையை வைத்துச் சொல்வேன், அந்த அளவுக்கு எனக்குத் தெரியும், அந்த அளவுக்குத் தெரிந்தவள்தான் மூன்று நாள் சமைத்து அனுப்பினேன். அந்தக் கொத்து முழுவதும் தீரவில்லை. குளிர்பெட்டிக் கதவில் காகிதத்தில் சுற்றி நாலைந்து ஈர்க்கு இருக்கிறது. மிளகு ரசத்துக்குத் தாளிக்க நாளைக்கு எடுத்திருப்பேன். மணி நாலு இருபத்தைந்து. மாடியில் கேரியர்கள் இடித்துக்கொள்கின்றன. தாள் இரண்டையும் நான் எடுக்கவில்லை. எடுக்கப் போகிறேனா என்று என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன் அடிக்கிறது. ஆவுடையப்பன் சார் என்று வருகிறது. எடுத்தேன். “மேடம், நோட்டு பாத்தீங்களா?” என்றார் தாணு. பின்னால் யாரோ பெரியவர் பஞ்சாங்கம் புரட்டுகிறார்போல, “கிழமையைக் கேளு, கிழமையைக் கேளு” என்று குரல். “செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு சாப்பிட்டிருக்காங்க” என்றேன். “புதன்கிழமை எடுக்கலை. புதன் காலையில இருந்திருக்காங்க. விழுந்தது மதியம் பன்னிரண்டேகாலுக்குள்ள.” அவ்வளவு துல்லியமாக எப்படி என்று கேட்டார். கறிவேப்பிலையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதே என் குரல் சமையல் குறிப்பு சொல்கிற குரலாக இருந்தது, எனக்கே கேட்டது. அவர் திரும்பிப் “புதன்” என்றார். “நவமி” என்றது அந்தக் குரல், தாள் புரளும் சத்தம். பிறகு தாணு, மெதுவாக, “அப்ப புதன்கிழமைக் கேரியர் உங்களுக்கு எப்ப திரும்பி வந்துச்சு?” “வியாழக்கிழமை.” “நிறைஞ்சா?” “நிறைஞ்சு.” “வியாழக்கிழமையோடது?” “வெள்ளிக்கிழமை வந்துச்சு. நிறைஞ்சுதான்.” அவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம், யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம். பாகற்காய் என்று சொல்ல வாய்வரை வந்தது. மெஸ் என்று சொல்ல வந்தது. பெல் அடிக்காதே என்று உங்கள் அப்பாதான் சொன்னார் என்பது நாக்கு நுனிவரை வந்தது. “சாப்பாடு பிடிக்கலைன்னு நினைச்சிட்டேன்” என்றேன். “எங்க ஆளு போய்ப் பாக்கவான்னு கேட்டாரு. நான்தான் வேண்டாம்னேன்.” அவர், “நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான் பேசுவேன்” என்றார். என்னிடம் சொன்னதுபோல இல்லை. பிறகு என்னிடம், “வியாழக்கிழமை நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாம்.” “பண்ணியிருக்கலாம்” என்றேன். வைத்துவிட்டார்.

புதனுக்கு எதிரே எழுதினேன். பாகற்காய்ப் புளிக்குழம்பு. மூன்று வாரச் சட்டம் உடைகிறது, உடையட்டும், மிச்சம் வைக்கிறவர்கள் வைக்கட்டும். ஐந்து மணிக்குப் பட்டியலை அடித்தேன். ஆறு கிழமைக்கும் கீழே, வழக்கமாக வணக்கம் போடும் இடத்தில், ‘முதல் நாள் கேரியர் எடுக்காமல் தொங்கினால் மறுநாள் பெல் அடிப்போம். தூக்கத்தில் இருந்தாலும் அடிப்போம். பதில் இல்லையென்றால் உள்ளே வருவோம்’ என்று சேர்த்தேன். அனுப்பினேன். மாதா கோயில் தெரு டீச்சரம்மா ஒரு கும்பிடு போட்டாள். ஒன்பதாம் நம்பர், பாகற்காயா மறுபடியுமா என்று அழுகிற முகம் ஒன்று போட்டார். யார் யார் படித்தார்கள் என்று அழுத்திப் பார்த்தேன். மூன்றாவதாக ஆவுடையப்பன் சார், ஐந்து மணி இரண்டு நிமிடம். வழக்கமாக அவரிடமிருந்து பதில் வருகிற நேரம். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டி ஒரு வரி வந்தால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஐந்து ஒன்பதுக்குத் திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. ஆவுடையப்பன் சார் வெளியேறினார்.